கிளையில் மூன்றாவது டேக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பிழைப்பே அளப்பதுதான். மராத்தி பேசுகிற ஊரான சாகணில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். ஒரு துளை மயிரிழை பெரிதாக இருந்தாலும் அந்தப் பொருளைச் சிவப்புப் பெட்டியில் தூக்கிப் போடுகிறவன். யாராவது வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் என்று ஆரம்பித்தால், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில், கூட யார் இருந்தார்கள் என்று கேட்டே வாயை அடைத்துவிடுவேன். இதைப் படிக்கிறபோது நீங்களும் அதே கேள்விகளைத்தான் கேட்பீர்கள். கேளுங்கள். மணியும் தூரமும் சொல்கிறேன், ஆள் யார் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்குச் செங்கம் பக்கம் ஒரு ஊர். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான், டிப்ளமோ முடித்து ரயிலேறி வந்தவன். தங்கை நர்சிங் படிக்கிறாள், அது என் சம்பளத்தில் நடக்கிறது. நான் நீச்சல் தெரியாதவன். இவ்வளவும் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றுக்குள் இறங்கி நிற்கிற பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்றால், அது ஜெரால்டால்.

ஜெரால்டு எங்கள் தொழிற்சாலையிலேயே மெயின்டெனன்ஸ் பிரிவு. என் வயதுதான். பக்கத்து ஊரான கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், அவன் பேசுகிற தமிழில் பாதி இந்தி, கால்வாசி மராத்தி. அவனுக்கு ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம். புழு மாட்டிக் கரையில் உட்கார்ந்திருக்கிற தூண்டில் இல்லை இது. கோழி இறகையும் நூலையும் கொக்கியில் கட்டிப் பூச்சி மாதிரி செய்து, அதைத் தண்ணீர் மேல் போய் உட்கார வைக்க வேண்டும். அந்தப் பூச்சிக்கு எடையே கிடையாது. எடை இருப்பது லைனில், அந்தத் தடித்த நூலில். ராடு என்கிற தூண்டில் கழியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, லைன் முதுகுக்குப் பின்னால் நீளமாக விரிகிறவரை ஒரு மூச்சு காத்திருந்து, அப்புறம் முன்னால் விட வேண்டும். அந்த ஒரு மூச்சுதான் எனக்கு வராது. கடைசி நொடியில் மணிக்கட்டு மடிந்துவிடும், லைன் பின்னாலேயே தண்ணீரில் விழுந்து அடிக்கும். தப்பாகப் போனதும் இடது கையால் தொப்பியை ஒரு தட்டு தட்டிக்கொள்வேன், அது எனக்கே தெரியாமல் வருகிற பழக்கம்.

"ஏழு, மணிக்கட்டை மடக்காதே யார்," என்பான் ஜெரால்டு, இந்தியில் 'யார்' என்றால் நண்பா. என் பெயர் ஏழுமலை. "நீ மீன் பிடிக்கிறியா, ஈ ஓட்டுறியா? கடஸ் எல்லாம் கீழே கூட்டம் போட்டுச் சிரிக்குது." கடஸ் என்றால் மஹ்சீர், கெண்டை இனம், செதில் ஒவ்வொன்றும் நாணயம் அளவு இருக்கும். பிடித்தால் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுவோம். மீனுக்கும் சரி, நமக்கும் சரி, காயம் ஆழமாகக் கூடாது என்று கொக்கியின் முள்ளைக் குறட்டால் நசுக்கிய பிறகுதான் கட்டவே விடுவான்.

விளையாட்டில் கேலி செய்வானே தவிர, தண்ணீர் விஷயத்தில் அவன் வேறு ஆள். உயிர்காப்புச் சட்டை போடாமல் இறங்கக் கூடாது. முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் கூடாது, தண்ணீர் நிரம்பினால் கால் கல்லாகிவிடும். நீரோட்டம் வருகிற பக்கம் கம்பை ஊன்றி, மூன்றாவது கால் மாதிரி அதில் சாய்ந்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயற்சி பண்ணக் கூடாது, கால் கல்லிடுக்கில் மாட்டினால் முடிந்தது, மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் ஓட்டம் போகிற திசையில் நீட்டி, கையால் துழாவிக் கரை ஒதுங்க வேண்டும். நாங்கள் போகிற இடம் ஒரு அணைக்குக் கீழே, குளிர்காலத்தில் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். அணையில் சைரன் ஊதுவது நாங்கள் நிற்கிற வளைவு வரை கேட்காது. அதனால் இறங்குவதற்கு முன் தண்ணீர் விளிம்பில் சிவப்பு நாடா கட்டிய ஒரு குச்சியை நட வேண்டும். குச்சி தண்ணீருக்குள் போனால் ஆறு ஏறுகிறது என்று அர்த்தம். விசில் ஒரு தடவை என்றால் நலம். மூன்று தடவை என்றால் எதுவும் கேட்காமல் வெளியே வா.

அப்புறம் டேக். இதுதான் முக்கியம். தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்துக்குள் ஆள் இறங்கி வேலை பார்க்கிறபோது, சுவிட்சைப் பூட்டி அதில் தன் பெயரும் படமும் போட்ட சிவப்பு டேக்கை மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். வெளியே வந்து அவனே கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் இன்னொருத்தன் டேக்கைத் தொடக் கூடாது. டேக் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான், அவ்வளவுதான், தலையை எண்ண வேண்டியதில்லை. இதையே ஜெரால்டு ஆற்றுக்கும் கொண்டுவந்தான். சாகண் ஜெராக்ஸ் கடை ஒன்றில் ஆளுக்கு ஒன்று, சிவப்பு அட்டையில் படமும் பெயரும் அடித்து லேமினேஷன் போட்டோம். என் அட்டை சூடான உருளைக்குள் போகிற நேரத்தில் ஒரு கட்டெறும்பு அதன் மேல் ஏறிவிட்டது, பிளாஸ்டிக்குக்குள் அப்படியே நசுங்கி, என் பெயரின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கடைக்காரர் வேறு போட்டுத் தருகிறேன் என்றார். "இருக்கட்டும் பய்யா, உள்ளே ஒரு ஆள் ஃப்ரீ," என்றான் ஜெரால்டு. பின்பக்கம் என் தங்கையின் நம்பரை நானே மார்க்கரில் எழுதினேன். அந்த நம்பருக்கு ஒரு நாளும் போன் போகக் கூடாது, அதற்குத்தான் இத்தனை விதியும்.

இதெல்லாம் சொல்லிக்கொடுத்தவனை நான் சந்தேகப்பட்டேன் என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

எங்கள் இடத்தில் ஒரு வெள்ளைப் பாறை உண்டு. அதைத் தாண்டிப் போகாதே என்று ஜெரால்டு முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தான். ஏன் என்று கேட்டால், "ஆழம்டா, அடியில அரிச்சு வெச்சிருக்கு, போகாதே, பஸ், அவ்வளவுதான்," என்பான். சரி என்று இருந்தேன். ஒரு நாள் கேன்டீனில் அவன் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு படம், கை நீளத்துக்கு ஒரு கடஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் அதே வெள்ளைப் பாறை, அதுவும் பாறையின் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது. எனக்கு உள்ளே ஏதோ கருகிவிட்டது. ஓ, பெரிய மீன் இருக்கிற இடத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு எனக்கு ஆழம் என்று பூச்சாண்டி காட்டுகிறானா? நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படித்து வந்தவனை நாலு பேர் ஏய்த்திருந்தால் அவன் அப்படித்தான் ஆவான், வாயால் கேட்பதைவிட மனதுக்குள் கணக்குப் போடுவது சுலபமாகிவிடும்.

அந்த ஞாயிறு ஜனவரிக் குளிர். மேலே, எல்லோரும் காக்கா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுகிற பாபுராவின் டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது ஆறே முக்கால். பத்து நிமிட இறக்கம். கீழே பனிமூட்டம் எப்படி என்றால், கையை நீட்டினால் ராடின் நுனி தெரியாது. கரையில் ஒரு புங்க மரம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நிற்கும், அதன் தாழ்ந்த கிளையில்தான் டேக் மாட்டுவது. ஜெரால்டு தன் டேக்கை மாட்டினான். "நான் மேல் வளைவு. நீ இங்கேயே தட்டைத் தண்ணியில நில்லு. பாறைப் பக்கம் போகாதே, சொல்லிட்டேன்," என்றான். நான் குனிந்து பூச்சி கட்டிக்கொண்டிருந்தேன், விரல் விறைத்து முடிச்சு விழவில்லை, நிமிர்ந்தபோது அவன் பனிக்குள் போய்விட்டான்.

என் டேக்கை மாட்டப் போகிறேன், கிளையில் ஏற்கெனவே இரண்டு தொங்குகின்றன. ஒன்று ஜெரால்டுடையது. இன்னொன்று அதற்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, அதில் எழுதியிருந்தது அழிந்துபோய், வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகிப்போன பழைய டேக். போன வாரம் இல்லை. எனக்கு உடனே என்ன தோன்றியது என்றால், வேறு யாரையோ ரகசியமாகக் கூட்டிவந்து அந்தப் பாறை மடுவில் விட்டிருக்கிறான், அதனால்தான் என்னை இங்கேயே நில் என்கிறான். திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. அடுத்தவன் டேக்கைத் தொடக் கூடாது என்று கை பழகிவிட்டது. என்னுடையதை மாட்டினேன், குச்சியை நட்டேன், அவன் சொன்ன தட்டைத் தண்ணீரை விட்டுவிட்டு நேராக வெள்ளைப் பாறையைத் தாண்டிப் போனேன்.

தொடை அளவுத் தண்ணீர். ஆழமும் இல்லை ஒன்றும் இல்லை, பொய்தான் சொல்லியிருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீச ஆரம்பித்தேன். நாலாவது வீச்சோ ஐந்தாவதோ, எதிரே பனிக்குள் ஒருத்தன் நிற்பது தெரிந்தது. முப்பது அடி இருக்கும், இடுப்பளவுத் தண்ணீரில், தொப்பி, உயிர்காப்புச் சட்டை, கையில் ராடு. முகம் தெரியவில்லை. நான் வீசினால் அவனும் வீசுகிறான். பின்னால் கொண்டுபோகிறான், நிறுத்துகிறான், கடைசி நொடியில் மணிக்கட்டை மடக்குகிறான், லைன் பின்னால் விழுந்து அடிக்கிறது, உடனே இடது கையால் தொப்பியை ஒரு தட்டு.

ரத்தம் தலைக்கு ஏறியது. என்னை மாதிரியே செய்து கேலி பண்ணுகிறான்! மேல் வளைவு என்று சொல்லிவிட்டு அக்கரை வழியாகச் சுற்றி இங்கே வந்து நின்றுகொண்டு, நான் வருகிறேனா என்று வேவு பார்த்திருக்கிறான்.

"டேய் ஜெரால்டு! போதும்டா உன் நாடகம்!" என்று கத்தினேன்.

பதிலாக மூன்று விசில் வந்தது.

மூன்று விசிலுக்கு எதுவும் கேட்காமல் வெளியே வர வேண்டும், தெரியும். ஆனால் நான் வரவில்லை. மடுவிலிருந்து என்னைக் கிளப்பப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். ஒரு மனிதனைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் அவன் காப்பாற்றக் கூப்பிடுவதுகூடத் தந்திரமாகத்தான் கேட்கும். முதுகைத் திருப்பிக்கொண்டு வீசினேன். மறுபடி மூன்று விசில். விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் மூச்சு வாங்குகிற சத்தம், ரொம்ப தூரம் ஓடிவந்தவன் வாங்குகிற மாதிரி. அது ஜெரால்டு மூச்சு இல்லை என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது, அப்படி ஒருத்தர் மூச்சைத் தெரிந்து வைத்திருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம், தெரியவில்லை. திரும்பினேன். அவன் வீசுவதை நிறுத்திவிட்டு, ஊன்றுகம்பைத் தூக்கி, எனக்குப் பின்னால் கரையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பிப் பார்த்தேன். விளிம்பில் நட்ட குச்சி நடு ஆற்றில் நிற்கிற மாதிரி தெரிந்தது. சிவப்பு நாடாவின் நுனி மட்டும்தான் தண்ணீருக்கு மேல், அதுவும் துடித்துக்கொண்டிருந்தது. என் இடுப்பு நனைந்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

கம்பை ஊன்றி இரண்டு அடி தேய்த்து நகர்ந்திருப்பேன், காலடியில் தரையே இல்லை. ஜெரால்டு சொன்ன அரிப்பு பாறைக்கும் கரைக்கும் நடுவில் இருந்தது, வரும்போது ஏதோ அதிர்ஷ்டத்தில் அதன் ஓரமாகவே வந்திருக்கிறேன். விழுந்தேன். ராடு போனது, கம்பு போனது. எழுந்து நிற்கத்தான் உடம்பு துடிக்கிறது, நிற்காதே, நிற்காதே என்று ஜெரால்டின் குரல் தலைக்குள். மல்லாந்தேன், காலை நீட்டினேன், சட்டை என்னைத் தூக்கிப் பிடித்தது, தண்ணீர் வாய்க்குள் போய் வருகிறது, டேக்கின் பின்பக்கம் நான் எழுதிய அந்தப் பத்து எண்களும் வரிசையாகக் கண்ணுக்குள் ஓடின. நம்பினால் நம்புங்கள், அம்மா முகமோ சாமியோ வரவில்லை, அந்த நம்பர்தான் வந்தது. நாற்பது ஐம்பது அடி தள்ளி முதுகு மணலில் உரசியது. தவழ்ந்து ஏறினேன்.

நேராகப் புங்க மரத்துக்கு ஓடினேன். வெளியே வந்தால் டேக்கைக் கழற்ற வேண்டும், செத்துப் பிழைத்தவனுக்கும் அந்தப் பழக்கம் போகாது போல. மரத்தடியில் முழங்கால் தண்ணீர். கண்ணில் மணலும் நீரும், கைக்குக் கிடைத்ததில் என் பெயர் தெரிந்ததும் பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். அப்போதுதான் எதிரே ஜெரால்டு ஓடி வருகிறான், மேலேயிருந்து, பாதையில். கையில் பூச்சி டப்பா. அவன் கால்சட்டையைப் பார்த்தேன். முழங்கால் வரை பனித்துளி. அதற்கு மேல் நனையவே இல்லை.

"டப்பாவை வண்டியிலேயே விட்டுட்டேன்டா, எடுக்கப் போனேன், காக்கா டீ குடுத்தாரு, அப்புறம் அங்கே மேலே சைரன் கேட்டுச்சு..." என்று மூச்சிரைத்தான்.

"டேக் தொங்குதே!"

"கழட்ட மறந்துட்டேன். என் தப்பு, ஏழு. என் தப்புதான்."

நம்பவில்லை. எனக்குப் பின்னால் தண்ணீரில் ஒருத்தன் நிற்கிறான், மூன்றாவது டேக் அவனுடையது என்று சொன்னேன். "மூணாவதா?" என்றான். நடிக்கிறான் என்றே நினைத்தேன். அவன் காலரைப் பிடித்தேன்கூட. ஆனால் அவன் என்னை உதறிவிட்டு ஆற்றைப் பார்த்துக் கத்த ஆரம்பித்ததும் என் கை தளர்ந்தது. பாபுராவ் காக்கா கயிறோடு வந்தார். பனி விலகுகிறவரை மூன்று பேரும் கரை நெடுகக் கத்தினோம். மரத்தை அதற்குள் ஆறு சுற்றிவிட்டது, கிளையில் இரண்டு சிவப்பு ஆடுவது தெரிகிறது, கிட்டே போக முடியவில்லை. யாரும் இல்லை. இன்றைக்கு உங்கள் வண்டியைத் தவிர வேறு வண்டியே வரவில்லை என்றார் காக்கா இந்தியில். ஜெரால்டைக் காட்டி, இந்தப் பையன் முழு நேரமும் என் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான் என்றும் சொன்னார். இந்த ஆற்றில் யாராவது மூழ்கிப் போயிருக்கிறார்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்து அந்த மடுவில் ஒரு சாவும் கிடையாது. அவரும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார் என்று ஒரு நொடி நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அந்தப் போட்டோ? போன கோடையில் ஆறு கணுக்கால் அளவுக்கு வற்றியபோது எடுத்ததாம். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே யார்," என்றான். அவ்வளவுதான்.

அறைக்கு வந்து, ஈரச் சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து டேக் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ரோஜா நிறம். படத்தில் முகம் வெளுத்து நிழல் மாதிரி, பெயர் மட்டும் மங்கலாக. அவசரத்தில் பழையதைப் பிடுங்கி வந்திருக்கிறேன். அப்படியானால் ஜெரால்டு என் பெயரில் இன்னொன்று அடித்து வெயிலில் காயவைத்து என்னைப் பயமுறுத்த மாட்டியிருக்கிறான், பிடித்துவிட்டேன் என்று, வண்டியிலேயே விட்டிருந்ததால் தப்பித்த போனை எடுத்தேன். டயல் செய்வதற்குள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

பெயரின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் எறும்பு. ஒரு கால் நீட்டிக்கொண்டு.

பெயரை அடிக்கலாம், படத்தை அடிக்கலாம். அதே எறும்பை, அதே இடத்தில், அதே காலை நீட்டச் சொல்லி யாரால் அடிக்க முடியும்? கடையில் அன்று நான் போனில் எடுத்த படம் இருந்தது, அதோடு வைத்து அளந்தேன். நான் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்தது அதுதான். மயிரிழை மாறவில்லை.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. ஆறு வடிந்திருந்தது, ஜெரால்டு தன் டேக்கை எடுக்கப் போனான். அங்கிருந்து போன் செய்தான்.

"ஏழு, உன் டேக் இங்கே தொங்குதுடா. புதுசு. எறும்பு இருக்கு. அப்போ உன் கையில இருக்கிறது என்னது? சரி, இதைக் கழட்டிட்டு வரவா?"

"தொடாதே," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது தெரியாது.

தொங்குகிற டேக்கைப் போட்டவன்தான் கழற்ற வேண்டும், அதுவரை அவன் உள்ளே இருக்கிறான். இந்த விதியை நம்பித்தான் தொழிற்சாலையில் நூறு பேர் கையும் காலும் முழுசாக வீட்டுக்குப் போகிறார்கள். கழற்றிவிடலாம் என்று இரண்டு முறை டீக்கடை வரை போய்த் திரும்பிவிட்டேன். ஜெரால்டை இப்போது நான் எதற்கும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் ஒன்று நினைத்துப் பார்க்கிறேன், அதைக் கழற்றிவிட்டால், அந்தக் காலையில் என்னை மாதிரியே மணிக்கட்டை மடக்கி, தொப்பியைத் தட்டி, மூச்சு வாங்க வாங்க விசில் அடிக்க அங்கே யார் நிற்பார்கள்?

ஜெரால்டு இன்னமும் போகிறான். போகும்போதெல்லாம் தொடாமல் ஒரு படம் எடுத்து அனுப்புவான், நான் கேட்டதற்காக. போன வாரம் வந்த படத்தில் சிவப்பு வெளுக்க ஆரம்பித்திருக்கிறது, முகத்தில் கண் இருந்த இடம் போய்விட்டது. மேசை டிராயரில் இருக்கிற ரோஜா நிற டேக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு நிறத்துக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம்தான் இடைவெளி இருக்கிறது.